நலம் என்று எழுதினாய்

மாதனூர்
9.6.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

நான் நலம், நீ நலமா என்று கடிதத்தைத் தொடங்க வேண்டும் எனப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்தார். நான் நலமாக இல்லை. இல்லாததை எழுதக் கை வரவில்லை. அம்மா நலம், தெருவில் மற்றவர்கள் நலம். உன் நலத்தையும் பாப்பாவின் நலத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சொல்லுங்க" என்கிறாய். சொல்ல வேண்டியதை நான் அடுக்கி முடிப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீ படித்ததற்கான நீலக் குறி விழுந்துவிட்டால், பதில் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், சோறு தண்ணீர் இறங்குவதில்லை. தபாலில் அந்தத் தொல்லை இல்லை.

உன் அப்பா சாவுக்குப் போன நீயும் பாப்பாவும் காரியம் முடிந்தும் வீடு திரும்பவில்லை. அதற்கு நான்தான் காரணம். மருமகன் கோடித்துணி போட வேண்டிய நேரத்தில் நான் அங்கே இல்லை. எங்கள் கம்பெனி ஆட்கள் வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல்களை மூடிக்கொண்டு, சீட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். உன் தம்பி மூர்த்தி சட்டையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. ஏன் என்று நீ கேட்டாய். அதற்கான பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் பஸ் வருகிறது, ஏறுகிறேன். மாலையில் இறங்குகிறேன். நடுவில் நடப்பது மனதில் நிற்பதில்லை. போன வாரம் சூப்பர்வைசர் பின்னால் வந்து தோளில் தட்டினார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டேன். இப்படியே போனால் என்ன ஆவேன் என்று பயமாக இருக்கிறது. நீ வீட்டுக்கு வா.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் போகாமல் ஊற்று. அவளுக்குப் பிடிக்காது.

உன்,
கௌதம்


ஆலங்காயம்
20.6.2024

பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான், பாப்பா, அம்மா, மூர்த்தி எல்லோரும் நலம். அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

தபால்காரர் கவரை நீட்டியதும் தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு அக்கா, "இன்னாம்மா, கோர்ட் நோட்டீஸா?" என்றார். புருஷன் கடுதாசி என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாள் முழுக்கத் தோல் வெட்டுகிற மெஷின் சத்தத்தில் நிற்கிறீர்கள். என் அப்பாவுக்கு அடித்த மேளத்தில் கொஞ்ச நேரம் நிற்க முடியவில்லையா? பெரியப்பா கோடித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு "மாப்ள எங்கப்பா, மாப்ள எங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சித்தப்பா மருமகன் வந்து போட்டார். எங்க அப்பா மருமகனே இல்லாதவர் மாதிரி போய்ச் சேர்ந்தார். இதை என்னால் மறக்க முடியாது.

பாப்பாவை இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. நன்றாக இருக்கிறாள். சமத்து, சத்தமே போடுவதில்லை என்று மிஸ் சொன்னார்.

தலையை டாக்டரிடம் காட்டினீர்களா? மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
சங்கீதா


மாதனூர்
30.6.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் முன்பு போலத்தான் இருக்கிறேன்.

உன் கேள்வி நல்ல கேள்வி. மெஷின் முன்னால் நின்று நாள் முழுக்க யோசித்தேன். கட்டிங் மெஷினில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் மெஷினின் தலை இறங்கி அடிக்கும். அடி எப்போது விழும் என்று எனக்குத் தெரியும். அடிப்பதே நான்தான். காதுக்கு மூடியும் கொடுத்திருக்கிறார்கள். மேளம் அப்படி இல்லை. அடுத்த அடி எப்போது என்று தெரியாது, நடுவில் வெடி போடுவார்கள், ஒருவர் அழுதுகொண்டே கட்டிப்பிடிப்பார். என் உடம்புக்குள்ளேயே யாரோ அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. மாமாவை அவமதிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் எனக்காக முறுக்கு வாங்கி வைப்பார். அவருக்காக நான் அந்த பஸ்ஸில்தான் அழுதேன்.

தலைக்கு டாக்டரைப் பார்க்கவில்லை. வேறொன்றுக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். சரியாக வருமா என்று தெரியாததால் இப்போது சொல்லவில்லை.

பாப்பாவின் மிஸ்ஸுக்கு என் வணக்கம்.

உன்,
கௌதம்


ஆலங்காயம்
11.8.2024

பாப்பா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அத்தை போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை ஆனா கஃபார் பாய் பஸ்ஸுல போய் உக்காந்துக்கிறான். வீடியோல ஒரு பொம்பளை. பேரு நசீமுன்னிசாவாம். எனக்கு ஒரே பேஜாரா கீது, நீ வந்து இன்னான்னு கேளு" என்று அழுதார்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து நீங்கள் என்னிடம் பேசியதை எல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். சண்டை போட்டாலாவது வாயைத் திறப்பீர்களா என்று வேண்டுமென்றே சண்டை போட்டிருக்கிறேன். அப்போதும் சுவரைத்தான் பார்த்தீர்கள். சரி, இவர் பிறவியே இப்படி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது யாரோ ஒருத்தியிடம் வாரா வாரம் பேச முடிகிறது. அப்படியென்றால் குறை உங்களிடம் இல்லை, என்னிடம்தான். அதை மட்டும் சொல்லிவிடுங்கள், போதும்.

இதற்குப் பதில் எழுதாவிட்டால் இனி நானும் எழுத மாட்டேன்.

சங்கீதா


மாதனூர்
14.8.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலம் என்பதை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். அதனால் தாங்க முடிந்தது.

குறை உன்னிடம் இல்லை. நசீமுன்னிசா மேடம் மனநல ஆலோசகர். சென்னையில் இருக்கிறார். பாத்ரூமில் தலையை இடித்துக்கொண்ட அன்று, எனக்கு என்னதான் ஆகிறது என்று போனில் தேடித் தேடி அவரைக் கண்டுபிடித்தேன். நேரில் போக வேண்டாம், காத்திருக்கும் இடத்தில் பத்துப் பேர் நடுவில் உட்கார வேண்டாம் என்பதால் துணிந்தேன்.

முதல் நாள் "எப்படி இருக்கீங்க கௌதம்?" என்று கேட்டார். சரியான பதிலைத் தேடிக்கொண்டே இருந்தேன். நேரம் பாதி போய்விட்டது. அவர் வைத்துவிட்டுப் போகவில்லை. "கேமராவை அணைச்சிடுங்க. பேச வேணாம், எழுதுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் பேசுகிறார், நான் டைப் அடிக்கிறேன். அவரிடமும் நான் பேசவில்லை சங்கீதா. உனக்குக் கொடுக்காத பேச்சை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என்னிடம் பேச்சே இல்லை.

வீட்டில் அம்மா டிவியை ஜாஸ்தியாக வைப்பார், பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். கம்பெனி பஸ் டிரைவர் கஃபார் பாய்தான் சாவியைக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே நிக்குது தோஸ்த், போய் உக்காரு. காத்து வரலைன்னா என்னைக் கேக்காதே" என்றார். உன் அப்பா சாவன்று ஒளிந்த அதே பஸ், அதே சீட்.

மேடம் வேலூரில் ஒரு டாக்டரை நேரில் பார்க்கச் சொன்னார். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். ஆட்டிசம். அது சின்னப் பிள்ளைகள் விஷயம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தால் எங்கே போவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. திமிர் பிடித்தவன் என்று அப்பாவிடம் வாங்கிய அடி, ஊமைக்கோட்டான் என்று கம்பெனியில் வைத்த பேர், எல்லாம் ஞாபகம் வந்து பஸ்ஸிலேயே அழுதேன். பேர் தெரிந்துவிட்டது. ஆனால் நீ இல்லாத வீட்டில் அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சத்தம் தாங்காமல் ஒளிந்தால் தப்பில்லை என்கிறார் மேடம். அப்போது யாரும் இழுக்கக் கூடாது, பேசச் சொல்லக் கூடாது, பக்கத்தில் சும்மா இருந்தால் போதுமாம். எனக்கு அப்படி யாரும் இருந்ததில்லை.

பாப்பாவுக்கு என் முத்தம். கன்னத்தில் வேண்டாம், உள்ளங்கையில். கன்னத்தில் கொடுத்தால் துடைத்துக்கொள்வாள்.

உன்,
கௌதம்


ஆலங்காயம்
8.9.2024

பாப்பா அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்கு மட்டும் லேசாகக் காய்ச்சல், பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வேறு ஒன்றும் இல்லை. உங்கள் உடம்பு தேவலையா?

கடுதாசியை அரிசி டின்னுக்குள் வைத்து வைத்துப் படித்தேன். மூர்த்திக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா புருஷனுக்கு மனநல டாக்டர் என்று தெரிந்தால் பெண் வீட்டார் வாசலோடு திரும்பிவிடுவார்கள். தயவுசெய்து வெளியில் சொல்லாதீர்கள்.

உங்களைத் திட்டி எழுதியதற்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஒரு கேள்வி. இது வழிவழியாக வருமா? சும்மாதான் கேட்கிறேன்.

ரத்தினசாமி பெரியப்பா 22ஆம் தேதி ஞாயிறு உங்களை வரச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் நான்கு பேர் இருப்பார்கள். பெண் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையை எப்படியாவது சொல்லிவிடுங்கள். நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால் நான் என்ன சொன்னாலும் அங்கே எடுபடாது.

அத்தைக்கு என் வணக்கம்.

சங்கீதா


மாதனூர்
23.9.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி, என்ன மருந்து கொடுக்கிறாய் என்று நேற்று கேட்க நினைத்தேன். கேட்க முடியவில்லை. அதுதான் உனக்கே தெரியுமே.

"வேணும்." இந்தச் சொல்லை மேடத்திடம் வாரா வாரம் பழகினேன். முதலில் எழுதி, பிறகு உதட்டை மட்டும் அசைத்து, பிறகு சத்தமாக. 15ஆம் தேதி ஞாயிறு பஸ்ஸுக்குள் சொன்னேன். கஃபார் பாய் வெளியில் இருந்து "கேக்குது கேக்குது" என்று கை தட்டினார்.

நேற்று உன் வீட்டுக் கூடத்தில் ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மூர்த்தி பைக் சாவியை நாற்காலியில் தட்டிக்கொண்டே இருந்தான். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பெரியப்பா, "ஒரே வார்த்தை மாப்ள. வேணுமா, வேணாமா?" என்றார். சொல் நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. மறுபடி கேட்டார். மறுபடி கேட்டார். "சரி, வாய் தொறக்காதவன் மனசுல இன்னா கீதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு" என்று எழுந்துவிட்டார். என் மனதில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

உள்ரூம் கதவை அடைத்துக்கொண்டு நீ நின்றாய். ஒரு அடி கூட முன்னால் வரவில்லை. பாப்பாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருப்பதாக அத்தை சொன்னார்கள். நன்றாக இருக்கிறாள் என்றார்கள்.

வழிவழியாக வருமா என்று மேடத்திடம் கேட்டேன். வரலாம் என்றார். என் அப்பா கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமலே வந்துவிடுவார். ஏன் கேட்டாய் என்று நீ எழுதவில்லை.

நீ ஒரு வரி எழுது. திட்டினாலும் சரி.

உன்,
கௌதம்


மாதனூர்
20.10.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

பதில் இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். வேலைக்குப் போவது நின்றுவிட்டது. மெஷின் முன்னால் நின்றால் பட்டனை அழுத்தக் கை வரவில்லை. நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் தொல்லை கம்மி என்று தோன்றத் தொடங்கியது. அதை மேடத்திடம் அப்படியே டைப் அடித்தேன். அவர் கேமராவைப் போடச் சொன்னார், என் முகத்தைப் பார்த்தார், அன்றைக்கே வேலூர் டாக்டரிடம் பேசினார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவும் கஃபார் பாயும் மாறி மாறி என்னோடு இருக்கிறார்கள். பாய் இட்லி கொண்டுவந்து பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறார். அம்மா டிவியை அணைத்துவிட்டார். நீ பயப்படாதே.

பாப்பா புதுப்பாடம் எதுவரை படித்திருக்கிறாள்?

கௌதம்


மாதனூர்
8.11.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்திருக்கும். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

மூர்த்தி போன் செய்தான். 17ஆம் தேதி ஞாயிறு நான் வந்து பிரிய "சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று பெரியப்பா சொன்னாராம். உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் நீயும் பாப்பாவும் நலம். நான் பக்கத்தில் இருந்த வருஷங்களில் நீ எத்தனையோ நாள் அழுதிருக்கிறாய். நான் இல்லாத மாதங்களில் நலம். கணக்கு தெளிவாக இருக்கிறது. உங்கள் நலத்தைக் கெடுக்க நான் வர மாட்டேன். சம்மதம்.

அந்தச் சொல்லைப் பழக வேண்டும் என்று மேடத்திடம் எழுதினேன். "இது உங்க சொல்லா, அவங்க சொல்லா?" என்று கேட்டார். 

பாப்பாவை அந்த ஞாயிறு மட்டும் சித்தி வீட்டுக்கு அனுப்பாதே. தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

கௌதம்


ஆலங்காயம்
12.11.2024

பாப்பா அப்பாவுக்கு,

நாங்க நல்லா இல்லை.

இதை முதல்ல எழுதிடறேன், இல்லன்னா மறுபடி மறைச்சிடுவேன். பள்ளிக்கூடத்துல சேர்த்த வாரத்துலேருந்தே பெல் அடிச்சா பாப்பா பெஞ்சுக்குக் கீழே போய்டறா. சத்தம் போடறதில்லைன்னு மிஸ் சொன்னது மெச்சிச் சொன்னதில்லை. அவ வாயே தொறக்கறதில்லை. காய்ச்சல்னு எழுதினது பொய். நீங்க வந்த அன்னைக்கு அவ சித்தி வீட்டுல இல்லை. உள்ரூம்ல கட்டிலுக்குக் கீழே காதைப் பொத்திக்கிட்டு இருந்தா. நான் ஏன் கதவை விட்டு நகரலை? யாரும் உள்ளே போயிடக் கூடாதுன்னுதான்.

தீபாவளிக்கு மூர்த்தி வாசல்ல சரவெடி கொளுத்தினான். பாப்பா கட்டிலுக்குக் கீழே போனா. அவன் காலைப் பிடிச்சு வெளியே இழுத்தான். உங்க சட்டையைப் பிடிச்சு இழுத்தானே, அதே மாதிரி. அவ கத்தலை, தலையைத் தரையில இடிச்சிக்கிட்டா. அப்பதான் நீங்க பஸ்ஸுக்குள்ள உக்காந்திருந்தது என் கண்ணு முன்னால வந்துச்சு. எங்க அப்பாவுக்குக் கோடி போடலைன்னு இத்தனை மாசம் வெச்சிருந்த கோவத்தை அதுக்கப்புறம் தேடினாலும் கெடைக்கலை. அன்னையிலேருந்து பாப்பா யார்கிட்டேயும் பேசலை. தட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினா சாப்பிடறா.

அம்மா மந்திரிக்கணுங்கறாங்க. பெரியப்பா "அப்பன் ரத்தம், பிரிச்சிட்டா சரியாப்பூடும்"ங்கறாரு. நானும் அதையேதான் நெனச்சேன். உங்களைப் பாத்துப் பாத்துதான் இப்படி ஆவுறா, தள்ளி வெச்சா தெளிஞ்சிடுவான்னு நெனச்சேன். அதான் வீட்டுக்கு வரலை. உங்க அக்டோபர் கடுதாசி வந்தன்னைக்குப் பேனா எடுத்தேன், எழுதாம வெச்சிட்டேன். அத்தைக்குப் போன் போட்டு நீங்க சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்டேன். சொல்ல வேணாம்னு சொன்னேன்.

கடுதாசின்னா எல்லாரும் நலம்னுதானே எழுதுவாங்க. நீங்களா கண்டுபிடிச்சு வருவீங்கன்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வரவே இல்லை.

அவளுக்கு இன்னா செய்யணும்னு சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சவங்கள்ல உங்களைத் தவிர வேற யாருக்கும் இது தெரியாது. தபால்ல போட்டா லேட்டாகும். உங்க கம்பெனி பஸ்ஸுல வர்ற எங்க தெருப் பொண்ணு கையில குடுத்தனுப்பறேன்.

நீங்க தலையை இடிச்சிக்காதீங்க. ரெண்டு தலையை நான் ஒருத்தி எப்படிப் புடிப்பேன்?

சங்கீதா


மாதனூர்
13.11.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

நீ நலமில்லை, பாப்பா நலமில்லை, நானும் நலமில்லை. உன் கடிதங்களில் எனக்கு முழுவதும் புரிந்த கடிதம் இதுதான்.

நீ நலம் என்று எழுதினாய். நான் நம்பினேன். அதனால்தான் வரவில்லை. நானாகக் கண்டுபிடித்து வருவேன் என்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது சங்கீதா. சொன்னால் வருவேன். என்னிடம் இருப்பது அவ்வளவுதான். இனி நலமாக இருந்தால் மட்டும் நலம் என்று எழுது.

பாப்பா என்னைப் பார்த்து இப்படி ஆகவில்லை. பிறக்கும்போதே என்னைப் போலப் பிறந்திருக்கலாம், அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. வேலூரில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரிடம் மேடம் பேசுவதாகச் சொன்னார். அதுவரை கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிடு. உள்ளே இருட்டாக இருக்கட்டும். மூர்த்தியைக் கிட்டே விடாதே. பேசு, வெளியே வா என்று யாரும் சொல்லக் கூடாது. நீ பக்கத்தில் தரையில் படுத்துக்கொள், போதும். அவள் கை நீட்டினால் பிடித்துக்கொள்.

ஞாயிறுவரை காத்திருக்க மாட்டேன். லீவு சொல்லிவிட்டேன், நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் மாலை வண்டியில் அந்தப் பெண்ணிடம் வருகிறது. என் காது மூடியைக் கொண்டுவருகிறேன். பட்டையை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி வைத்திருக்கிறேன். அப்பா வருகிறார் என்று பாப்பாவிடம் சொல்லிவை. திடீரென்று வந்தால் எங்கள் இருவருக்குமே ஆகாது.

வந்ததும் நான் உன்னிடம் ஒன்றும் பேச மாட்டேன். அத்தைக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் போவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நேராக உள்ரூமுக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வேன்.

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டு வந்தால், மாப்பிள்ளை அங்கேதான் இருக்கிறார், குனிந்து பார்த்துக்கொள்ளச் சொல்.

உன்,
கௌதம்